வெல்டு வைக்காத தகடு

அந்த அம்மா மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தங்கமான மனுஷி, அப்படி ஒருவரை இனிப் பார்க்க முடியாது என்றெல்லாம் ஆரம்பித்தால் நான் ஏதோ போட்டோவுக்கு மாலை போடுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவர் உயிரோடுதான் இருக்கிறார். எங்கே, எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம். லேபில் நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். அவர் அந்தப் பக்கம் போனதும் 'இன்னொருக்கா மேடம்'.

எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. லேபைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், படியிறங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு, "இன்னொருக்கா பாத்துட்டு வந்துர்றேண்ணே" என்று திரும்பி நடப்பார். நான் போய்த்தொலையுங்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். பேராவூரணியோ மணமேல்குடியோ போகிற பஸ்ஸில் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தாலும் ஏறும்போது கண்டக்டரிடம் ஒரு தடவை, உட்கார்ந்த பிறகு ஒரு தடவை கேட்பார். கேன்டீன்காரர் கண்ணெதிரே டீயில் சர்க்கரை போடுவார். சர்க்கரை போட்டாச்சா என்பார் இவர். அந்த மனுஷன் ஒருநாள் கும்பிட்டுவிட்டுக் கடைக்கு உள்ளே போய்விட்டார்.

புதுக்கோட்டைக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜ் அது. நான் அங்கே லேப் அசிஸ்டென்ட். அரிமளத்திலிருந்து தினமும் வந்து போகிறவன். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். மேடம் அங்கே பாடம் எடுத்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வயதில் என்னைவிட ஐந்தாறு குறைவு. என்னை அண்ணே என்பார். எனக்கு அவர் மேடம்தான், படித்தவர் இல்லையா.

பரீட்சைப் பேப்பர் திருத்தினால் மார்க்கை மூன்று தரம் கூட்டுவார். ஒரு வருஷம் அப்படிக் கூட்டியதில் பெயிலான ஒரு பையன் பாஸாகிவிட்டான், பாஸான ஒரு பெண் பெயிலாகிவிட்டாள். முதலாவதை எல்லோரும் மெச்சினார்கள். இரண்டாவதை, பார்க்காத மாதிரி விட்டுவிடுங்கள் என்று நான்கூடச் சொன்னேன். ரெண்டும் ஒரே பேனாதாண்ணே என்று அதையும் திருத்திவிட்டார். அந்தப் பெண்ணின் அப்பா வந்து காலேஜ் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். மேடம் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இந்த வியாதியால் எனக்கும் ஒரு நல்லது நடந்தது. என் மகள் ப்ளஸ் டூவில் உயிரியலில் மார்க் குறைந்து அழுதுகொண்டிருந்தாள். நான் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். மேடம்தான் மறுகூட்டலுக்குப் போடச் சொல்லி, போட்டாச்சா போட்டாச்சா என்று நச்சரித்து, கடைசி நாளில் தானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட்டார். ஒரு பக்கத்தைக் கூட்டாமலே விட்டிருந்தார்கள். அந்த மார்க்கில்தான் என் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. இதை நான் மறக்கவில்லை. மறக்க முடியாததுதான் இப்போது பிரச்சினை.

அவர் ஆராய்ச்சி என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பயப்படாதீர்கள், எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்வேன். எவர்சில்வர் தகட்டில் வெல்டிங் வைக்கும்போது அந்தச் சூட்டில் உலோகத்துக்குள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மாறலாம். ஒரே இரும்புதான், அடுக்கு மாறினால் குணம் மாறிவிடும். காந்தம் ஒட்டாதது ஒட்டும், துருப்பிடிக்காதது பிடிக்கும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே விழவைத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சுக்குப் படம் எடுக்கிற எக்ஸ்ரே போல இது ஊடுருவிப் போகாது. தகட்டின் மேல்தோலில் பட்டுத் தெறிக்கும். எந்தக் கோணத்தில் தெறிக்கிறது என்பதை மெஷின் கோடாகப் போட்டுக் காட்டும். கிராஃபில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒவ்வொரு இடத்தில் முள் மாதிரி ஒன்று எழும்பி நிற்கும். எங்கே முள் இருக்கிறது, எவ்வளவு உயரம், அவ்வளவுதான் விஷயம். மேடம் வெல்டிலிருந்து இரண்டு மில்லி, நாலு மில்லி, எட்டு மில்லி என்று தள்ளித் தள்ளித் துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் மெஷினில் வைத்துப் பார்ப்பார்.

இது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அவர் ஊர் ஜெகதாப்பட்டினம். தம்பி அங்கே வெல்டர். மீன்பிடி போட்டுகளுக்கு டீசல் டாங்க், மீன் கழுவுகிற மேஜை எல்லாம் எவர்சில்வரில் அடிக்கிறவன். கடல் காத்தில் தகடு அப்படியே இருக்கும், வெல்டு ஓரம் மட்டும் துருப்பிடித்து ஓட்டை விழும். வேலை சுத்தமில்லை என்று போட்டுக்காரர்கள் அவனைத் திட்டுவார்கள். தம்பி ஒழுங்காகத்தான் வைக்கிறான், தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. அதிலிருந்து தொடங்கியதுதான் இது. ஆராய்ச்சித் தகடுகளுக்கும் அவனே வெல்டு வைத்துக் கொடுத்தான்.

அவர் எதையும் தப்பவிட மாட்டார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒருநாள் கிராஃபில் எந்தக் கணக்கிலும் சேராத ஒரு குட்டி முள். நான் தூசியாக இருக்கும் மேடம் என்றேன். என்ன தூசி என்றார். இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டி, அது சுண்ணாம்பு வகை என்று கண்டுபிடித்தார். சுவரில் சுண்ணாம்பு கிடையாது, பெயிண்ட்தான். அறை முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் கடைசியில் என் முன்னால் வந்து நின்று என் நெற்றியையே பார்த்தார். பட்டையாகத் திருநீறு. குனிந்து துண்டை மெஷினில் வைக்கும்போது உதிர்ந்திருக்கிறது. "அழிச்சுட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேண்ணே, துண்டு வைக்கிறப்ப மட்டும் தலையில ஒரு கர்ச்சீப் கட்டிக்கங்க" என்றார். சிரித்துச் சிரித்து எங்கள் இரண்டு பேருக்கும் வயிறு வலித்துவிட்டது. திருநீற்றையே கண்டுபிடித்தவர் இதை எப்படி விட்டார் என்று இன்றுவரைக்கும் எனக்கு ஆறவில்லை.

நாலு வருஷத்தில் அவருக்கு ஒரு பெரிய விஷயம் கிடைத்திருந்தது. வெல்டுக்கு எட்டத்தில் உள்ள துண்டுகளில் ஒரு முள் லேசாகத் தலைகாட்டும். கிட்டே வர வர அது உயர்ந்துகொண்டே போகும். இருக்கக் கூடாத அடுக்கு, துருவுக்கு வழிவிடுகிற அடுக்கு அங்கே உண்டாகிறது என்று அர்த்தமாம். இதுவரை யாரும் சொல்லாதது என்று அவருடைய கைடு, எங்கள் துறைத் தலைவர், துள்ளிக் குதித்தார். இரண்டு கட்டுரை வெளியே வந்தது. இரண்டிலும் சார் பெயரும் உண்டு. தம்பியிடம் கரண்டை இவ்வளவு குறைத்து வைத்து வெல்டு அடி என்று மேடம் சொல்லி, அவனும் அதையே வேதமாக வைத்துக்கொண்டான்.

பட்டம் அவருக்குப் பெருமைக்கு இல்லை. சோற்றுக்கு. கணவர் பிரிந்து போய் ரொம்ப நாளாயிற்று. வீட்டில் அம்மா, எட்டாவது படிக்கிற மகள், இவர். மூன்று பேருக்கும் இவர் சம்பளம்தான். ஜூனுக்குள் டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்று காலேஜில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் கடைசி நீட்டிப்பும் வாங்கியாயிற்று, ஏப்ரல் கடைசிக்குள் ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். மார்ச்சிலேயே எல்லாம் அடித்து முடித்து பைண்டிங்குக்குப் போக வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தது. மகளுக்குப் புதுச் சைக்கிள் பார்த்துவைத்திருக்கிறேன் என்றுகூடச் சொன்னார்.

அப்போதுதான் அந்த நாசமாய்ப்போன வார்த்தையைச் சொன்னார். வெல்டே வைக்காத வெறும் தகட்டை ஆராய்ச்சி தொடங்கும்போது ஒரு தடவை பார்த்திருந்தோம். கடையில் வந்தபடியே, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு அப்படியே வைத்துப் பார்த்தது. அதில் முள் கிடையாது. அதை இன்னொருக்கா பார்த்துவிடுவோம் என்றார். இந்தத் தடவை மற்ற துண்டுகளுக்குச் செய்கிற அத்தனையும் இதற்கும் செய்து கொடுங்கண்ணே என்றார்.

செய்து கொடுத்தேன். மெஷினில் போட்டார். முள் எழும்பி நின்றது.

வெல்டே வைக்காத தகடு. சூடே காணாத தகடு. அதில் வெல்டிங்கால் வருகிற முள் ஏன் வர வேண்டும்? மேடம் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துண்டு மாறிப்போயிருக்குமோ என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். மறுபடி போட்டார். மறுபடியும் வந்தது.

மூன்று நாள் மெஷினைப் பிரித்து மேய்ந்தார். குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற சில்லர் சரியாக இருக்கிறதா, கோணம் நகர்ந்துவிட்டதா என்று அளவுக்கு வைத்திருக்கும் சிலிக்கான் பொடியைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சோற்று டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது. இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை.

ஐடிஐயில் எங்கள் வாத்தியார் ஒருவர் இருந்தார். வேலை முடித்துக் கொடுக்கிற துண்டில் முகம் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் அதை எடுத்து நம் மேலேயே எறிவார். பளபளப்பில்லாமல் ஒரு வேலையைக் கையிலிருந்து கொடுப்பது அழுக்கு வேட்டியோடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி என்பது எங்கள் வொர்க்‌ஷாப் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறினது. மேடம் சொன்ன முறை இதுதான்: எமரி பேப்பரில், அதாவது உப்புத்தாளில், கையால், தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், கடைசியில் ஆசிட்டில் முக்கித் தோலை அரித்து எடுக்க வேண்டும், கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். ஆசிட்டில் முக்கினால் துண்டு மங்கி, சாம்பல் பூத்து வெளியே வரும். அதை எப்படி மேடம் கையில் கொடுப்பது? என் வேலையைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அதனால் கடைசியில், அவர் சொல்லாமலே, மோட்டாரில் சுற்றுகிற பெல்ட் கிரைண்டரில் ஒரு பிடி பிடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுப்பேன். முதல் நாளிலிருந்து. நாலு வருஷமும். பளிச்சுன்னு இருக்குண்ணே என்று அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

அந்தத் தேய்ப்பில்தான் முள் வந்திருக்கிறது. எவர்சில்வரை வேகமாக அழுத்தித் தேய்த்தாலே மேல்தோலில் அடுக்கு மாறிவிடுமாம். அழுத்தத்தால் மாறுவது, சூட்டால் இல்லை. எக்ஸ்ரே பார்ப்பதோ அந்த மேல்தோலை மட்டும்தான். இதை அவர் புத்தகத்தில் தேடி, மேஜையில் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்த பக்கத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். என் இங்கிலீஷுக்கு அதில் பாதிதான் புரிந்தது. பாதியே போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் போய்ச் சொன்னேன். அவர் எமரி பேப்பரை நான் கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருப்பேன் என்ற அளவுக்குத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். கிரைண்டர் என்றதும் கையிலிருந்த நோட்டை மூடினார்.

"எல்லாத்துக்குமாண்ணே?"

"எல்லாத்துக்குந்தான் மேடம்."

"அப்ப கிட்டக்க இருக்கிற துண்டுல மட்டும் ஏன் கூட வருது?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. வெல்டுக்குக் கிட்டே நீலமும் பழுப்புமாகச் சூட்டுக்கறை ஏறியிருக்கும். ஆசிட்டில் முக்கியும் முழுசாகப் போகாது. அதைப் போக்க ரொம்ப அழுத்திப் பிடிப்பேன். எட்டத்துத் துண்டு சுத்தமாக இருக்கும், லேசாகத் தொட்டாலே போதும். அவர் நாலு வருஷம் அளந்து, கிராஃப் போட்டு, உலகத்துக்கே சொன்னது என் கையின் அழுத்தத்தைத்தான்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். துண்டுகள் இருந்த பெட்டியைத் திறந்து இரண்டு தரம் எண்ணினார். பிறகு, ஆசிட் எவ்வளவு இருக்கு என்று கேட்டார்.

துண்டுகளை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் மறுபடி ஆசிட்டில் முக்கி, கிரைண்டர் பட்ட தோலை அரித்து எடுத்துவிட்டு, மறுபடி எக்ஸ்ரே பார்ப்பது என்று முடிவு. ஒரு துண்டுக்கு ஒன்றரை மணி நேரம். நாற்பத்தி இரண்டு துண்டு. ஏப்ரல் வெயில், கரண்டு வேறு வந்து வந்து போனது. கரண்டு போனால் சில்லர் நிற்கும், மெஷின் தானாக அணையும், அந்தத் துண்டை முதலிலிருந்து போட வேண்டும். பதினோரு நாள் எடுத்தது. நான் லீவு போடவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அந்த வெக்கையில் ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

முதல் துண்டில் முள் இல்லை. இரண்டாவதில் இல்லை. எட்டத்துத் துண்டுகள்தானே, கிட்டத்துத் துண்டில் கொஞ்சமாவது இருக்கும் என்று இருவருமே நம்பினோம். நான் வேண்டாத சாமி இல்லை. ஒரே ஒரு துண்டிலாவது வெல்டிங்கால் வந்த முள் உண்மையிலேயே இருந்துவிடாதா, என் கை தொடாமலும் அது இருந்ததாக ஆகிவிடாதா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். திரையில் கோடு அந்த இடத்துக்கு வரும்போது மேடம் நாற்காலி நுனிக்கு வருவார். கோடு அந்த இடத்தைத் தாண்டிப் பேசாமல் போகும். அவர் நோட்டில் இல்லை என்று எழுதுவார். ஒவ்வொரு தடவையும் அதே கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். இரண்டு மில்லி துண்டும் முடிந்தது. ஒன்றுமே இல்லை. அவருடைய தம்பி வைக்கிற வெல்டில் அந்த அடுக்கு உண்டாகவே இல்லை. துரு ஏன் வருகிறது என்பது பழையபடி யாருக்கும் தெரியாது.

ஒன்றும் இல்லை என்றே எழுதிக் கொடுத்தால் பட்டம் தர மாட்டார்களா என்று கேட்டேன், விவரம் தெரியாமல். இருக்கிறது என்று இரண்டு கட்டுரையில் சொல்லியிருக்கிறது, முதலில் அவற்றை வாபஸ் வாங்க வேண்டும், பிறகு வேறு ஒன்றைத் தொடங்கிச் செய்ய வேண்டும், இருப்பதோ பத்து நாள் என்றார்.

சார் அறைக்கு இருவரும் போனோம். சார் நோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் அடுத்த வருஷம் ஓய்வு. பழைய கிராஃபே இருக்கட்டும், கொடுத்துவிடுங்கள் என்றார். உலகத்தில் யார் இந்தத் தகட்டை மறுபடி வெட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றார். மகளைப் பற்றிக் கேட்டார். வேலையைப் பற்றி ஞாபகப்படுத்தினார். எல்லாம் அன்பாகத்தான் சொன்னார்.

மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எந்தம்பி அந்தக் கரண்டு அளவ வெச்சுத்தான் சார் ரெண்டு வருஷமா டாங்க் அடிக்கிறான். இல்லாத ஒண்ணுக்குப் பயந்துக்கிட்டு அடிக்கிறான்."

சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அலுத்துப்போய், அப்படியானால் காரணம் எழுதிக் கொடுங்கள், யார் கிரைண்டரில் போட்டது, யார் போடச் சொன்னது, விசாரணை வைப்பார்கள் என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நான் அவர் காலைத் தொடாத குறை. என் வேலைக்காகக் கெஞ்சவில்லை, அது சத்தியம். அப்போது அந்த நினைப்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பழையதைக் கொடுத்துவிடுங்கள் மேடம், பாப்பாவை நினைத்துப் பாருங்கள் என்றேன்.

"அவளத்தாண்ணே நெனக்கிறேன்" என்றார். "சோத்துக்கு என்ன பண்ணுவேன், அவளுக்கு ஃபீசு எங்கிட்டுப் போயிக் கட்டுவேன்னு படுத்தா தூக்கம் வரல. அம்மாவுக்கு இன்னும் சொல்லல. கொடுத்துருவோம்னு இன்னிக்கிக் காலையிலகூட பழைய பைலைத் தொறந்தேன். கையி வர மாட்டேங்குதுண்ணே. நான் என்ன பண்றது?"

அழுதார். பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதைக்கூடப் பார்க்காமல் அழுதார். அந்த பஸ் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. எனக்கும் அழுகை வந்தது. சனியனே, எதற்கு அந்த வெறும் தகட்டைப் பார்க்கப் போனாய் என்று அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

எங்கே இருக்கிறார் என்று சொல்கிறேன் என்றேன். ஜெகதாப்பட்டினத்தில்தான், அம்மா வீட்டில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். இரண்டு தனியார் பள்ளியில் கேட்டுப் பார்த்திருக்கிறார், கட்டுரையை வாபஸ் வாங்கியவர் என்று யாரோ சொல்லி அதுவும் நடக்கவில்லை. மகள் அரசுப் பள்ளிக்கு மாறிவிட்டாள். மீன் வாங்கப் போன எங்கள் காலேஜ் டிரைவர் பார்த்துவிட்டு வந்து, பாதியாக இளைத்துப் போய்விட்டார், உன்னைத்தான் விசாரித்தார் என்றார். என் மகள் இப்போது திருச்சியில் நர்ஸாக இருக்கிறாள். நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை.

ஏன் போகவில்லை என்றால், அந்தக் கடிதம். பஸ் ஸ்டாப்பில் அழுததற்கு மறுநாள் காலை மேடம் என்னிடம் வந்தார். கண் வீங்கியிருந்தது. அந்தப் பெல்ட் என்ன நம்பர் என்று கேட்டார். சொன்னேன். துண்டை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பீர்கள், எத்தனை வினாடி, கறை உள்ளதற்கு எத்தனை, இல்லாததற்கு எத்தனை, நடுவில் தண்ணீர் தொட்டதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டி, சரிதானா என்று மறுபடி கேட்டார். விசாரணையில் என்னைக் காட்டத்தான் இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். கேட்பது நியாயம்தானே என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மத்தியானம் சார் ஒரு கவரைக் கொடுத்து, ஜெராக்ஸ் ஒன்று எடுத்துக்கொண்டு ஒரிஜினலைப் பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். மேடம் அதற்குள் லேப் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டிருந்தார். ஜெராக்ஸ் கடையில் நின்று அதைப் படித்தேன். இங்கிலீஷ்தான், ஆனால் எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் புரிந்தது. பெல்ட் நம்பர் இருந்தது. சாய்த்துப் பிடித்த பக்கம், வினாடிக் கணக்கு, கறை உள்ளது, இல்லாதது, எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. 'துண்டுகளைக் கிரைண்டரில் பிடித்தது நான்தான், ஆய்வக உதவியாளருக்கு இது தெரியாது' என்று கீழே எழுதி மேடம் தன் கையெழுத்தைப் போட்டிருந்தார்.

இல்லாத ஒரு முள்ளைக் காட்டிப் பட்டம் வாங்கக் கை வராதவர். அந்த ஒரு வரியை மட்டும் எப்படி எழுதினார்? என்னைக் கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கேட்கவில்லை. என் கோபம் இதுதான்.

கவரை எடுத்துக்கொண்டு தலைமைத் தபால் ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் எனக்கு முன்னால் ஆறேழு பேர் நின்றார்கள். காலேஜுக்குத் திரும்பிப் போய், சார் முன்னால் நின்று, இதில் ஒரு வரி பொய் என்று சொல்வதற்கு நேரம் நிறையவே இருந்தது. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். என் முறை வந்ததும் கவரை நீட்டினேன்.